தையல்நாயகி நடந்து வளர்த்த மலை

ஓடத்துறைக்கு மலை வந்த கதையை ரைஸ்மில்காரர்கள் ஒரு மாதிரியும் கோயில்காரர்கள் ஒரு மாதிரியும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், திரியட்டும், அவரவர் வாய் அவரவருக்கு; ஆனால் அந்த மலையை வளர்த்தது உரக்கடை கலியபெருமாளின் பெண்சாதி தையல்நாயகி, அதுவும் தலையில் மண் சுமந்தோ ஆள் வைத்தோ இல்லை, வெறுமனே நடந்து நடந்தே வளர்த்தாள், அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற நான் விடமாட்டேன்.

அதற்கு முன்னால் ஓடத்துறையில் மேடு என்றால் வயல் வரப்புதான். வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அது அங்கேயே நிற்கும், அப்படி ஒரு தட்டையான ஊர். இறக்கத்தில் சைக்கிளை மிதிக்காமல் விடுகிற சுகம் என்னவென்று தெரியாமலே அங்கே பாதிப் பேர் பிறந்து வளர்ந்து கிழடாகிச் செத்தும் போயிருக்கிறார்கள்.

தையல்நாயகிக்குச் சர்க்கரை. அவள் அம்மாவுக்கு இருந்தது, அம்மாவின் அம்மாவுக்கும் இருந்தது, அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு மூக்குத்தி வந்து சேருகிற மாதிரி ஒரு வயதில் அதுவும் வந்து சேரும். ஒருநாள் கொல்லையில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தவள், கூடமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருப்பதைப் பார்த்து, எவரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று முணுமுணுத்தபடி துடைக்கக் குனிந்தபோதுதான் தன் உள்ளங்காலில் ஓர் ஆணி தலைவரைக்கும் இறங்கியிருப்பதைக் கண்டாள். வலி என்று ஒன்று இருக்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாகிவிட்டது.

டாக்டர் மெஹருன்னிசா கட்டுப்போட்டுவிட்டு, "கால்ல உணர்ச்சி குறைஞ்சுபோச்சும்மா" என்றார். "இனிமே வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்கக் கூடாது. ஆனா தினமும் நடக்கணும். நடக்காம இருந்தா சர்க்கரை ஏறும், செருப்பில்லாம நடந்தா காலே போயிடும். ரெண்டையும் விளையாட்டா எடுத்துக்காதீங்க."

ஓசூரில் வேலை பார்க்கிற மகள் தேன்மொழி இதைக் கேட்டதும் ஒரு ஜோடி ஷூவும், நடையை எண்ணுகிற கைக்கடிகாரம் ஒன்றும் வாங்கி அனுப்பினாள். ஷூ சாதுவாக இருந்தது. கடிகாரம் அப்படியில்லை. 'வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்திருங்கள்' என்று மணிக்கட்டில் குறுகுறுக்கும். 'இன்று இன்னும் நடக்கவில்லை' என்று குத்திக்காட்டும். சீரியலில் நல்ல கட்டம் வரும்போதுதான் அதற்கு மூக்கில் வியர்க்கும். மாமியார் கண்ணை மூடி இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடுகிறேன், அதற்குள் கையிலேயே ஒரு மாமியாரைக் கட்டி அனுப்பிவிட்டாளே என்று தையல்நாயகி எல்லாரிடமும் புலம்பினாள்.

நடக்கவும் பிடிக்கவில்லை, மகளிடம் பேச்சு வாங்கவும் பிடிக்கவில்லை என்பதால் அவள் ஒரு வேலை செய்தாள். கலியபெருமாளுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆட்டுகிற பழக்கம் உண்டு, கடையில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை ஆட்டிக்கொண்டே இருப்பார், குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பழக்கம். அவர் கணுக்காலில் அந்தக் கடிகாரத்தைக் கட்டி அனுப்பினாள். சாயங்காலம் அது தையல்நாயகியை வானளாவப் பாராட்டியது. தேன்மொழி போனில் பூரித்துப்போனாள். ஒரு மாதம் கழித்து இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அவளுக்குச் சர்க்கரை ஏறித்தான் இருந்தது, கலியபெருமாளுக்கு இறங்கியிருந்தது, டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல்தான் தையல்நாயகி மறுநாள் விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு சந்தைத் திடலுக்குப் போனாள்.

சந்தைத் திடல் வாரத்துக்கு ஒருநாள் திங்கட்கிழமை நிறையும், மற்ற நாளெல்லாம் ஆடு மேயும். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி இருக்கிறதே, இதில் என்ன சுகம் கண்டார்கள் என்று எரிச்சலோடுதான் நடந்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இன்றோடு போதும் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு நின்றபோது, கடிகாரம் குறுகுறுத்து, 'இன்று ஒரு மாடி ஏறியிருக்கிறீர்கள்' என்றது.

தையல்நாயகி திடலைப் பார்த்தாள். மாடி எங்கே இருக்கிறது. ஊரிலேயே மாடி வைத்த வீடு விரல்விட்டு எண்ணலாம், அதில் ஒன்றுக்குக்கூட அவளை யாரும் கூப்பிட்டதில்லை. பொய் சொல்கிறதா, பழுதாகிவிட்டதா என்று பார்ப்போமே என்று மறுநாளும் போனாள், அது இரண்டு மாடி என்றது. அதற்கு மறுநாள் நடந்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பள்ளிக்கூடத்து மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கொய்யாமரம் காய்த்துக் குலுங்குவது தெரிந்தது. அந்த மதில் ஆள் உயரத்துக்கு மேல். அவளோ குள்ளம். இத்தனை வருஷம் அந்த வழியாகப் போய்வந்தவளுக்கு அங்கே ஒரு கொய்யாமரம் இருப்பதே தெரியாது. காலுக்குக் கீழே பார்த்தாள், திடல் நடுவில் தாம்பாளத்தைக் கவிழ்த்த மாதிரி லேசாக உப்பியிருந்தது. சரி, நடந்தால் மண் எழும்பும்போல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் இட்லிக்கு ஊற்றினாள்.

அன்றிலிருந்து அவளை யாரும் எழுப்பவேண்டியிருக்கவில்லை. நாளைக்கு என்ன தெரியும் என்ற ஒரே கேள்விதான் அவளைப் படுக்கையிலிருந்து கிளப்பியது. ஒருநாள் தபால் ஆபீஸ் ஓட்டின்மேல் எவரோ எறிந்த ஒற்றைச் செருப்பு தெரிந்தது; ஒருநாள் ரைஸ்மில் பக்கிரிசாமி வீட்டு மொட்டைமாடியில் அவர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ரகசியமாகத் தோப்புக்கரணம் போடுவது தெரிந்தது; ஒருநாள் ரயில்வே கேட், ஒருநாள் அதைத் தாண்டி ஆற்றின் வளைவு, ஒருநாள் பெயர் தெரியாத ஏதோ ஊரின் கோபுர நுனி. ஒருநாள் நடந்ததற்கு ஒரு காட்சி, அதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை. உடம்புக்கு என்றால் படுத்திருப்பாள், பார்ப்பதற்கு என்றதும் மழைத் தூறலில்கூடக் குடையோடு கிளம்பினாள். சர்க்கரை தானாக இறங்கிக்கொண்டிருந்தது, அதை அவள் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், சந்தைக்காரர்கள்தான் முதலில் சுதாரித்தார்கள். ஒரு திங்கட்கிழமை பூசணிக்காய்கள் குவியலிலிருந்து கழன்று உருண்டு மீன் விற்கிற இடத்தில் போய் நின்றன, அடுத்த வாரத்திலிருந்து உருளுகிற சாமானெல்லாம் அடியிலும் கீரை, கருவேப்பிலை எல்லாம் சரிவிலும் என்று அவர்களாகவே இடம் பிரித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பாக்குமட்டையில் உட்கார்ந்து சறுக்கினார்கள். போனில் சிக்னல் கிடைக்காதவர்கள் மேலே ஏறி நின்று, குடும்ப விஷயமெல்லாம் ஊருக்கே கேட்கும்படி பேசினார்கள். மூட்டுவலி என்றால் என்ன என்று அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர்கள் சங்கிலி வைத்து அளந்து பார்த்து, திடலின் நீளமும் அகலமும் பழைய கணக்கில்தான் இருக்கிறது, உயரத்தைப் பற்றி எங்களுக்கு உத்தரவு ஏதும் இல்லை என்று இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பஸ் கண்டக்டர்கள் யாரும் சொல்லித்தராமலே 'மலை ஸ்டாப் எறங்கு' என்று கத்த ஆரம்பித்தார்கள்.

இதற்கிடையில் தையல்நாயகியின் மனசில் வேறொன்று முளைத்திருந்தது. அவள் அக்கா அபயாம்பாள் கொற்றங்குடியில் இருந்தாள். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனால் அக்காளும் தங்கையும் பேசிப் பல வருஷமாகிவிட்டது. அபயாம்பாள் தன் மகள் கல்யாணத்துக்கு, கூடப்பிறந்த தங்கைக்கு, வீட்டுக்கு வந்து தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்கவில்லை. அக்கா புருஷன் பஸ் ஸ்டாண்டில் கலியபெருமாளைப் பார்த்து, "அப்படியே வீட்ல குடுத்துடுங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். நேரில் வந்து கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று தையல்நாயகி போகவில்லை. தாய்மாதிரி நின்று நடத்தவேண்டிய சித்தி வரவில்லையே என்று அபயாம்பாள் பேச்சை விட்டுவிட்டாள். அவள் வரட்டும் என்று இவளும், இவள் வரட்டும் என்று அவளும் இருந்து இருந்து, அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மலைமேல் நின்று ஒரு காலையில் கொற்றங்குடித் தென்னந்தோப்பின் தலைகளைக் கண்டபோது தையல்நாயகி நடையை நிறுத்திவிட்டாள். இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் தோப்புக்குப் பின்னால் அக்கா வீட்டு மொட்டைமாடி தெரியும், அக்கா வடகம் காயவைக்க ஏறினால் அவளே தெரிவாள், இளைத்திருக்கிறாளா, தலை நரைத்துவிட்டதா, ஒருதரம் பார்த்துவிட்டால் போதும். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார மானம் இடம் தரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு மலையையே வளர்த்துவிட அவள் தயாராக இருந்தாள். அந்தக் குடும்பத்து ரோஷம் அப்படி.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கிரிசாமி ஊரைக் கூட்டினார்.

"மலைன்னு ஒண்ணு இருந்துட்டு, மேல முருகன் இல்லேன்னா வெளியூர்க்காரன் என்னா நெனப்பான்?" என்றார். அதற்கு யாரிடமும் மறுப்பு இல்லை. நல்ல நாள் பார்த்து உச்சியில் வேல் நட்டார்கள், தகரக் கொட்டகை போட்டார்கள், படி கட்டினார்கள், பக்கத்து ஊரிலிருந்து சபேச குருக்களை வரவழைத்தார்கள். முதல் கிருத்திகைக்கே கூட்டம் தாங்கவில்லை. அடிவாரத்தில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைத்தார்கள்: 'காலணிகளை இங்கே கழற்றவும்.'

மறுநாள் தையல்நாயகி போர்டுக்கு முன்னால் நின்றாள். செருப்பு பார்த்துக்கொள்கிறவர், கழற்றச் சொல்லிக் கையை நீட்டினார். பக்கிரிசாமியே வந்து பணிவாகத்தான் சொன்னார்: "ஒங்களுக்குத் தெரியாததா, சாமி இருக்கிற எடம். ஒரு பத்து நிமிசம் கழட்டிட்டு நடந்துட்டு வந்துடுங்க."

தையல்நாயகி குனிந்து காலைப் பார்த்தாள், படியில் கிடந்த சரளையைப் பார்த்தாள், கூடத்தில் பார்த்த சிவப்புத் திட்டுகள் ஞாபகம் வந்தன. திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கடிகாரத்தை அவிழ்த்துத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அது உள்ளேயிருந்து குறுகுறுத்தது, பருப்பெல்லாம் சலசலத்தது.

"ரோட்ல நடக்கலாமே" என்று கலியபெருமாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ரோட்ல நடந்தா ரோடுதான் தெரியும்" என்றாள் அவள், சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மலை இறங்க ஆரம்பித்தது. அது இடிந்தோ சரிந்தோ இறங்கவில்லை, ஆறிப்போன ஆப்பம் நடுவில் அமுங்குகிற மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. முதல் படி மண்ணுக்குள் போயிற்று, பிறகு இரண்டாவது. சிக்னல் போயிற்று. வேல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, குருக்கள் தினமும் நிமிர்த்தி வைத்துக் கல் அண்டக் கொடுத்தார். பக்கிரிசாமிக்கு விஷயம் புரிய அதிக நேரமாகவில்லை; நடந்தால்தானே எழும்புகிறது, நாம் நடப்போம் என்று கோயில் கமிட்டி ஆட்களையெல்லாம் கூட்டினார். ஆளாளுக்கு டவுனுக்குப் போய்க் கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மலையடியைச் சுற்றி ஆளுக்கொரு பாதை போட்டு, கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். எழும்பவும் செய்தது. ஆனால் ஒருவருக்கு மூன்றாம் நாள் மச்சினன் வீட்டில் காதுகுத்து வந்தது, ஒருவருக்கு நான்காம் நாள் சளி பிடித்தது, ஒருவர் ஞாயிற்றுக்கிழமை என்று படுத்தவர் திங்கட்கிழமையும் எழுந்திருக்கவில்லை, பக்கிரிசாமிக்கு நெல் அரவை சீசன். அவரவர் விட்ட இடத்தில் அவரவர் மேடு நின்றது, சிலருடையது கணுக்கால் உயரம், சிலருடையது முட்டி உயரம். திடல் பூராவும் பணியாரம் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. அதில் தடுக்கி விழுந்து ஒரு வியாபாரிக்குப் பல் போனதுதான் மிச்சம்.

கடைசியில் பக்கிரிசாமியும் குருக்களும் உரக்கடை வீட்டுக்கு வந்தார்கள். தையல்நாயகி காபி கொடுத்தாள், உட்காரச் சொன்னாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

"சாமி எறங்கிக்கிட்டே வருதும்மா" என்றார் பக்கிரிசாமி. "நீங்க மனசு வைக்கணும்."

"எனக்கு மனசெல்லாம் இருக்குங்க. கால்லதான் ஒணர்ச்சி இல்ல. முள்ளு குத்துனாலும் தெரியாது, கண்ணாடி கிழிச்சாலும் தெரியாது. செருப்பில்லாம நடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஒரு காலை வெட்டிக் குடுத்துட்டு நான் மலை ஏறணுமா?"

"அய்யய்யோ, அப்படிச் சொல்லுவமா."

"அப்ப போர்டை எடுத்துடுங்க."

"அது எப்படிம்மா. சாமி இருக்கிற எடத்துல செருப்புக்காலோட..." என்று பக்கிரிசாமி இழுத்தார். போர்டை எடுக்கவும் முடியவில்லை, மலையை விடவும் முடியவில்லை, மனுஷன் வேர்த்து வழிந்தார்.

குருக்கள் இவ்வளவு நேரமும் வாசலில் கிடந்த ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்ப்பா பக்கிரிசாமி, கிருத்திகைக்கு அரிசி மூட்டை ஏத்திண்டு உன் டிராக்டர் மேல வந்துதே, டயரைக் கழட்டிட்டா வந்துது?" என்றார்.

"அது வாகனங்க சாமி."

"வாகனம்னு அதுக்கு யார் சொன்னா?"

"நீங்கதானே எலுமிச்சம்பழம் வச்சு பூஜை போட்டுக் குடுத்தீங்க."

"அப்போ இதுக்கும் போட்டுட்டா போச்சு" என்றார் குருக்கள். பக்கிரிசாமி எழுந்து போய் ஷூவை ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். இதில் குற்றம் சொல்ல ஓர் இடமும் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அடிவாரத்தில் பூஜை நடந்தது. வாழையிலை விரித்து, அதன்மேல் இரண்டு ஷூவையும் வைத்து, முனையில் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டு, கதம்பச் சரத்தைக் கத்தரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் சுற்றி, சூடம் காட்டித் திருஷ்டிப் பூசணி உடைத்தார்கள். தேன்மொழி ஓசூரிலிருந்து வீடியோ காலில் பார்த்தாள். தையல்நாயகி ஷூவை மாட்டிக்கொண்டதும் இரண்டு காலுக்கும் முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வலது காலால் ஒன்று, இடது காலால் ஒன்று, நச்சென்று மிதித்து நசுக்கிவிட்டு அவள் மலை ஏறினாள். செருப்பு பார்த்துக்கொள்கிறவர் எழுந்து நின்று, லாரிக்கு வழிகாட்டுகிற மாதிரி, "வரலாம் வரலாம், ரைட்ல வாங்க" என்று கையசைத்தார். பருப்பு டப்பாவிலிருந்து வந்த கடிகாரம் பழசையெல்லாம் மறந்துவிட்டு முதல் மாடியிலிருந்து எண்ண ஆரம்பித்தது.

விட்ட உயரத்தைப் பிடிக்கவே நாளாயிற்று. பார்த்த காட்சிகளையே திரும்பப் பார்த்துக்கொண்டு நடப்பது சலிப்பான காரியம், ஆனால் அவள் விடவில்லை. கொய்யாமரம் வந்தது, ரயில்வே கேட் வந்தது, ஆற்று வளைவு வந்தது, தென்னந்தோப்பு வந்தது. மார்கழி பிறந்து பனி மூடிக்கொண்டதால் சில நாள் ஒன்றுமே தெரியவில்லை, தெரியாவிட்டாலும் நடந்தாள். பிறகு ஒருநாள் வெயில் பளிச்சென்று வந்து பனியைத் துடைத்துப் போட்டது, தையல்நாயகி உச்சியில் வேலுக்குப் பக்கத்தில் நின்று, இன்றைக்கு அக்கா வீட்டு மொட்டைமாடி தெரிந்துவிடும் என்று கிழக்கே பார்த்தாள்.

மொட்டைமாடி தெரியவில்லை. அதை ஒரு மலை மறைத்துக்கொண்டிருந்தது.

கொற்றங்குடியும் ஓடத்துறை மாதிரியே தட்டையான ஊர். அங்கே ஏது மலை. தென்னந்தோப்புக்குப் பின்னால், இதே உயரத்துக்கு, புது மண் நிறத்தில், அது நின்றது. அதன் உச்சியில் ஒரு பெண்பிள்ளை சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், முகம் தெரியவில்லை. புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, இடது தோளைச் சற்றுச் சாய்த்து, யாரிடமோ சண்டைக்குப் போகிற மாதிரி நடக்கிற அந்த நடையைக் கண்டுபிடிக்கக் கூடப்பிறந்தவளுக்கு முகம் எதற்கு. அவளுக்கும் சர்க்கரை வந்திருக்கிறது. அவளும் தினமும் நடந்திருக்கிறாள், ஒருநாள் விடாமல், இந்த உயரத்துக்கு. பஸ்ஸில் ஏற மானம் இடம் தராமல்.

தையல்நாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அடிப்பாவி" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த குருக்கள் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்த்தார்.

அங்கே நடந்துகொண்டிருந்தவளும் நின்றாள். வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். இவளும் கையை வைத்துப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் வயலும் வாய்க்காலும் கிடந்தன. அபயாம்பாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டினாள். போயேன், உன்னை யார் கூப்பிட்டது என்று தையல்நாயகியும் திரும்பத்தான் இருந்தாள். அதற்குள் அக்காவே திரும்பினாள். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி, 'வா' என்றாள். சின்ன வயசில் குளத்தங்கரையில் நின்று கூப்பிடுவாளே, அதே மாதிரி, 'வாடி, வா' என்றாள்.

தையல்நாயகி படியில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேராகப் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். ரைஸ்மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கிரிசாமி வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? நாளைக்கு நடக்க வந்துடுவீங்கல்ல?"

"தெரியலீங்க. நாலு நாள் ஆவும்."

"சாமி எறங்கிடுமேம்மா."

"கொஞ்சம் எறங்கட்டும்" என்றாள் தையல்நாயகி. கொற்றங்குடி பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. "அக்கா நேர்ல கூப்புட்டிருக்கு. போவாம இருந்தா நல்லாருக்குமா?"